உனக்கு எதுக்குல இந்த வம்பு? – தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அக்கா மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மாமா, திங்கக்கிழமை வீட்டுலேருந்து யாராவது ஸ்கூலுக்கு வரணுமாம்" என்றாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மார்க் குறைந்திருக்கும், இல்லை போன் கொண்டுபோய் மாட்டியிருப்பாள் என்று நினைத்தேன். ரெண்டும் இல்லை. விளக்குமாற்றைக் கையில் எடுத்ததற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் டீச்சர்கள் கழிப்பறையைக் கழுவிவிட மூன்று பிள்ளைகளைக் கூப்பிடுவார்களாம். பள்ளி திறந்ததிலிருந்தே இது நடக்கிறது, வாரா வாரம் அதே மூன்று பேர். மூன்று பேரும் ஒரே தெருவிலிருந்து வருகிறவர்கள். எந்தத் தெரு என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும், உங்களுக்கே தெரியும். இந்த வெள்ளிக்கிழமை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இவள் எழுந்து நின்று, "இந்த வாரம் நாங்க போறோம் டீச்சர்" என்றிருக்கிறாள். கூடவே இவள் பெஞ்சிலும் பின் பெஞ்சிலுமாக இன்னும் நாலு பேர் எழுந்திருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போதே பேசி வைத்துக்கொண்டதுதான். டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம், "நீங்கள்லாம் எதுக்குடி? அவளுகளுக்குப் பழக்கம்" என்றிருக்கிறார்.

"எங்களுக்கும் பழகட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஐந்து பேரும் போய் வாளியையும் விளக்குமாற்றையும் எடுத்திருக்கிறார்கள். கழுவத் தெரியவில்லை. பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டு மூச்சு முட்டி வெளியே ஓடி வந்து இருமியிருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்திதான் வந்து, "இவ்ளோ போடக்கூடாதுடி, ஒரு கைப்பிடி போதும், முதல்ல தண்ணி ஊத்தணும்" என்று சொல்லிக்கொடுத்தாளாம். இதைச் சொல்லும்போது இவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு கைப்பிடி போதும் என்கிற கணக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெல் அடிப்பதற்குள் தலைமையாசிரியர் அறையில் விசாரணை. விசாரணை யாரிடம் என்கிறீர்கள்? மூன்று பேரை மட்டும் கூப்பிட்ட டீச்சரிடம் இல்லை. மாசக்கணக்காகக் கழுவிய அந்தப் பிள்ளைகளிடமும் இல்லை. இவளிடம். "யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது? யாரு தூண்டிவிட்டது?" இவள், "புத்தகத்துல போட்டிருக்கு சார்" என்றிருக்கிறாள். எந்தப் புத்தகத்தில் என்று கேட்டதற்கு, "எல்லாத்துலயும் சார், முன்பக்கத்துல" என்று பதில். அது திமிர் என்று ஆகிவிட்டது. பெற்றோரை அழைத்து வா.

அவள் சொன்னது திமிர் இல்லை சார். பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். மூன்று வரி. நான் படித்தபோதும் இருந்தது, நீங்கள் படித்தபோதும் இருந்திருக்கும். நாங்கள் அந்தப் பக்கத்தில் மயிலிறகு வைத்தோம், மீசை வரைந்தோம், வாசித்ததே இல்லை. இந்தப் பிள்ளைகள் வாசித்துவிட்டார்கள், அதுதான் இப்போது சிக்கல்.

நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார், பட்டா, அப்புறம் மே, ஜூன் வந்தால் வருமானச் சான்று, சாதிச் சான்று. நாள் முழுக்க ஒவ்வொரு பிள்ளையிடமும் "என்ன கம்யூனிட்டி தம்பி?" என்று கேட்கிற வேலை. இந்த வேலையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சில பையன்கள் கடைக்கு வெளியே டீ குடிக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்கள், சொல்லும்போதே சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். சில பிள்ளைகள் மேசைக்குக் குனிந்து, அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார்கள். இன்னும் சிலர் வாயைத் திறக்கவே மாட்டார்கள், அண்ணனுடைய பழைய சான்றிதழை நாலாக மடித்து நீட்டுவார்கள். ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், குரல் மட்டும் வேறு வேறு.

(உடனே ஒருவர் கேட்பார் எனக்குத் தெரியும்: "சர்ட்டிபிகேட்ல சாதி கேக்குறதாலதான தம்பி சாதி இருக்கு?" சார், காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் வருவதில்லை. இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.)

இந்த வருஷம் ஒரு பெண் வந்தாள், பிளஸ் ஒன் சேர்கிறவள். நான் கேட்டதும் நேராக என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், பெயர் சொல்வது போலச் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையன் மூக்கால் சிரித்தான். அவள் திரும்பி, "என்ன சிரிப்பு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், கத்தவில்லை. அவன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டான். பத்து வருஷமாகக் கடை நடத்துகிறேன், அந்தச் சிரிப்பை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட நான் கேட்காத கேள்வி அது.

எனக்கு ஏன் கேட்க வாய் வரவில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட்டால்தான் உங்களிடம் பேச எனக்கு யோக்கியதை இருக்கும்.

2006-இல் நான் பிளஸ் ஒன். கையில் சாதிக் கயிறு கட்டியிருந்தேன். என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த மடலின் மிச்சத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள், கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் யாரும் சொல்லாமலே பெஞ்சு பிரிந்திருந்தது. சன்னல் ஓரம் நாங்கள். எங்களில் ஒருத்தனுக்குக் கணக்கு வராது. அந்தப் பக்க மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒருத்தனுக்குக் கணக்கு தண்ணி பட்ட பாடு. இவன் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். புரட்சி எல்லாம் ஒன்றும் இல்லை, அரையாண்டில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். நாலு நாள் கழித்து அவன் கொண்டுவந்த புளிசோற்றையும் வாங்கித் தின்றான், அதை எங்கள் ஆள் ஒருத்தன் பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் இடம் மாறி உட்கார்ந்தவனை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. முனையில் நின்று வாத்தியார் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். 'நான் அடிக்கலயே' என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அடிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, திரும்பாமல் நின்றேன், அதுதான் நான் செய்தது.

மறுநாள் ஏழு பேரையும் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட மேசை, கண்ணாடிக்கு அடியில் குலதெய்வக் கோயில் படம், ஓரத்தில் பிரம்பு. அவர் நல்ல மனுஷர், இதையும் சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கிக் கொடுத்தவர். உதடு வீங்கி நின்றவனைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: "உனக்கு எதுக்குல இந்த வம்பு? அங்க போய் உக்காந்தாத்தான் உனக்குக் கணக்கு வருமோ?" அப்புறம் எங்களைப் பார்த்து, "கை குடுத்துக்கோங்கல. பெரிய ஆளுங்க காதுக்குப் போகாம பாத்துக்கோங்க. போங்க கிளாசுக்கு." கை கொடுத்துக்கொண்டோம். அவன் கை சில்லென்று இருந்தது. அரையாண்டுக்கு முன்னாலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கணக்குப் பையனை யாரும் விசாரிக்கவே இல்லை. அவனை ஒட்டி நடந்த சண்டை, ஆனால் அவன் பெயர்கூட அந்த அறையில் அடிபடவில்லை. வருஷம் முடிகிற வரைக்கும் அந்தப் பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்களில் நிறையப் பேர் இதைச் 'சமாதானம் பண்ணி வைத்தேன்' என்றுதான் நினைவில் வைத்திருப்பீர்கள். அன்று அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? அடித்தவனுக்கு ஒன்றும் ஆகாது, இடம் மாறி உட்கார்ந்தவன்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முப்பது வயது வரைக்கும் என் வாயை அடைத்து வைத்திருந்தது அந்தப் பாடம்தான்.

இது புதுசும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே நெல்லைச் சீமையில், சேரன்மகாதேவி குருகுலத்தில், இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. காங்கிரஸ் பணம் கொடுத்த, தேசபக்தி சொல்லிக்கொடுக்க என்று தொடங்கிய இடம் அது. 1924, 25-இல் தமிழ்நாட்டையே கலக்கிய விவகாரமாக ஆனது. அதை நடத்திய வ.வே.சு. ஐயர் சின்ன ஆளா? வெள்ளைக்காரனை எதிர்த்து நாடு நாடாகத் திரிந்தவர். அவர் சொன்ன சமாதானம், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது. இன்றைக்கும் அதே பதில்தான் வருகிறது, ஆள்தான் வேறு. "நான் மாத்தத் தயார் தம்பி, ஊர்க்காரங்க பிரச்சினை பண்ணுவாங்க." "பி.டி.ஏ. தலைவர் ஒரு மாதிரி." உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்ட பையன்கள் உண்டு, ஒரு பையனைக் கண்டித்ததற்குச் சாயங்காலம் வாசலில் பத்து பேர் வந்து நின்றதும் உண்டு, எல்லாம் தெரியும். ஆனால் கை நிறையச் சம்பளமும் பின்னால் ஒரு சங்கமும் இருக்கிற உங்களுக்கே இவ்வளவு பயம் என்றால், எழுந்து நின்ற அந்தப் பதினைந்து வயதுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ படித்த பையனையும், தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனுடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று பள்ளியில் சொன்ன பிறகுதான் அது நடந்தது. 'சொன்னால் என்ன ஆகும்' என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அன்று தெரிந்துகொண்டார்கள். அதற்கப்புறமும் எழுந்து நிற்கிறார்கள் என்றால் அதன் எடை என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு 'வாலாட்டுறது' என்று பெயர் வைக்காதீர்கள்.

நாங்குநேரிக்கு அப்புறம் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்துவிட்டார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், அரசுப் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்று நிறையப் பரிந்துரைகள். டி.வி.யில் நாலு நாள் சத்தம் போட்டார்கள், அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை கலர் கயிறு பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பியபோதும் இதேதான், எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அமுங்கிப்போனது. சரி, அரசாங்கம் நிதானமாக வரட்டும். அகர வரிசையில் உட்கார வைக்க உங்களுக்கு எந்த ஜி.ஓ. வேண்டும்? நாளைக் காலையில் பதிவேட்டை எடுத்து, அ, ஆ என்று வாசித்தால் முடிந்தது.

கயிறைப் பற்றி ஒன்று. கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். கயிறு போனால் சட்டைக்குள் கலர் பனியன், அது போனால் சைக்கிள் மட்கார்டில் பெயிண்ட், அதுவும் போனால் ஸ்டேட்டஸ். ஆண்ட பரம்பரை, அரிவாள் படம், பின்னால் ஒரு பாட்டு. என் கடைக்கு வருகிற பாதிப் பையன்களின் போனில் அதுதான் ஓடுகிறது. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பையன்கள் பேனர் அடிக்கக் காசு வசூல் பண்ணினார்கள். ஒரு பையன், காலேஜ் முதல் வருஷம், "பேர்ல சாதி போட்டா நான் காசு தர மாட்டேன், சாமி பேரு மட்டும் போடுங்க, இருநூறு ரூபா தாரேன்" என்று சொல்லிவிட்டான். பேனரில் சாதி வந்துதான் இருந்தது, அவன் இருநூறு ரூபாய் வரவில்லை. கொடையன்று அவனுக்கு யாரும் பொங்கல் கொடுக்கவில்லை. அவன் அம்மா வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தாளாம், சாப்பிட்டான், நன்றாக இருந்தது என்றான். செய்தித்தாளில் வராத விஷயங்கள் இவை.

வந்தவையும் உண்டு. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, உங்கள் தெருவுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னது வீடியோவாக ஊரெல்லாம் சுற்றியது. வேறு யாரும் மறைந்து நின்று எடுத்த வீடியோ இல்லை அது, அவர்கள் பக்கமே பெருமையாக எடுத்தது. வழக்கு ஆனது, சம்பந்தப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷக் கடைசியில் ஈரோடு பெருந்துறைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்த விவகாரத்தில் தலைமையாசிரியையே கைதானார். அது எப்படி வெளியே வந்தது என்றால், ஒரு பையனுக்கு டெங்கு வந்து, கொசு எங்கே கடித்தது என்று அம்மா கேட்கப்போய்த்தான். ஆக, 'அவளுகளுக்குப் பழக்கம்' என்று சொன்ன டீச்சருக்கும், அதைக் காதில் போட்டுக்கொள்ளாத தலைமையாசிரியருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் அக்கா மகள் உங்களை மாட்டிவிடவில்லை, மாட்டாமல் தப்பிக்க ஒரு வழி காட்டியிருக்கிறாள், அது தெரியாமல் அவளையே கூப்பிட்டு வைத்து விசாரிக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இவளைப் பெரிய வீராங்கனையாகத் தூக்கி வைக்கவும் எனக்கு இஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவளிடம் கேட்டேன், "அந்த மூணு பேர்ட்ட முதல்ல கேட்டியா?" கேட்டாளாம். ஒருத்தி, வேண்டாம்டி, கடைசியில எங்களத்தான் திட்டுவாங்க என்று அழுதிருக்கிறாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாமவள், ஒரு தடவை செஞ்சு பாருங்கடி, அப்பத் தெரியும் என்றிருக்கிறாள். "அழுதவ சொன்னதக் கேக்காம நீங்க பாட்டுக்குச் செஞ்சிட்டீங்களே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அது தப்புதான் மாமா" என்றாள். திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் இவள்தான் முதலில் பொறுப்பு, அது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் நடந்தது ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாமவள் இவளுக்கு நல்ல சிநேகிதி. ரெண்டு மாசம் முன்னால் ரெக்கார்டு நோட்டு எழுத வீட்டுக்கு வந்தாள். என் அம்மா தண்ணீர் கொடுத்தாள், பேப்பர் கப்பில். முன்னெல்லாம் டீக்கடைகளில் ரெட்டை டம்ளர் இருந்தது, கேள்வி வர ஆரம்பித்ததும் பல கடைகள் எல்லோருக்கும் பேப்பர் கப் என்று மாற்றிவிட்டன, அதற்கு 'சுத்தம்' என்று பெயரும் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் அந்தச் சுத்தம் வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை, இல்லை கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன். அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து அவளும் பேப்பர் கப்பில்தான் குடித்தாள். தண்ணீர், காபி, ரசம் எல்லாம். "என்னட்டி இது கூத்து" என்று அம்மா கேட்டதற்கு, "அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா ஆச்சி?" என்றாள். இருபது நாள் போல ஓடியது. கப் ஊறி ரசம் ஒழுகி யூனிபார்மில் கொட்டியதெல்லாம் நடந்தது.

அடுத்த தடவை அந்தப் பிள்ளை வந்தபோது இவளே அடுக்களைக்குப் போய், அலமாரியின் மேல் தட்டிலிருந்து எங்கள் அப்பா பெயர் வெட்டின எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா இருந்த வரைக்கும் அதில் வேறு யாரும் குடித்ததில்லை. குடித்து முடித்ததும் கழுவி, மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கூடையில் கவிழ்த்து வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். மறுநாள் அந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள், ரொம்ப நேரம் தேய்த்தாள். தேய்த்துவிட்டு மேல் தட்டில் வைக்கவில்லை, கூடையிலேயே வைத்தாள். மனசு மாறினாளா, இல்லை மேல் தட்டுக்கு அது இனி லாயக்கில்லை என்று வைத்தாளா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து நின்று ஏதோ ஒன்று சரியில்லை என்று சொன்னால், அதை உட்கார வைத்துவிட்டு யார் தூண்டிவிட்டது என்று தேடாதீர்கள். என்ன சரியில்லை என்று முதலில் கேளுங்கள், அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், பாதிக்கப்படுகிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அதன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு தரப்பையும் நிற்க வைத்துக் கைகொடுக்கச் சொல்கிற பழக்கத்தை விடுங்கள், அடி வாங்கினவன் கை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். டி.சி. வாங்கிக்கோ என்று சொல்லாதீர்கள். 14417 என்று ஒரு உதவி எண் பள்ளி வாசலில் எழுதிப் போட்டிருக்கிறீர்களே, அதைப் பிள்ளைகள் கூப்பிட்டால் பள்ளிக்கு அவமானம் என்று நினைக்காதீர்கள். அடிக்கிற பையன்களையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் அந்தக் கும்பலின் காவல்காரன்தான். என்னை அன்றைக்கு ஒருவர் உட்கார வைத்து, "நீ ஏன் அங்க நின்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால்கூடப் போதும்.

கழிப்பறை கழுவ ஆள் இல்லை, காசு சரியாக வருவதில்லை, கைக்காசு போட்டுத்தான் ஓட்டுகிறீர்கள் என்பதும் தெரியும். அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், மாசம் நூறு ரூபாய் நான் தருகிறேன், எங்கள் தெருவில் இன்னும் பத்து பேரிடம் வாங்கியும் தருகிறேன். கொடைப் பேனருக்குக் கொடுக்கிறவர்கள் இதற்குக் கொடுக்க மாட்டார்களா, கேட்டுத்தான் பார்க்கலாமே. கழுவுகிற வேலை அந்த மூன்று பேருக்கும் வேண்டாம், இந்த ஐந்து பேருக்கும் வேண்டாம்.

கடைசியாக, அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் ஒரு தகவல். நாளைக் காலை பிரேயர் முடிந்ததும் வருகிறோம். நான், அக்கா, கூடவே அம்மாவும். அம்மாவை நாங்கள் கூப்பிடவில்லை, அவளாகவே கிளம்புகிறாள், சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள். "நீ எதுக்கும்மா?" என்று கேட்டேன். "எம் பேத்தி கையில விளக்குமாறக் குடுத்தது யாருன்னு கேக்கணும்" என்றாள். சரியாப் போச்சு, இத்தனை நாள் கழித்து இதைத்தான் கேட்கப் போகிறாளா என்று எனக்கு எரிச்சல். அக்கா மகள் எரிச்சல்படவில்லை. "யாரும் குடுக்கல ஆச்சி, நானேதான் எடுத்தேன்" என்றாள். அம்மா விடவில்லை, "படிக்கப் போற பிள்ளைக்கு எதுக்குட்டி விளக்குமாறு?" என்றாள்.

"அதத்தான் ஆச்சி நானும் கேட்டேன்."

மூன்று நாற்காலி போட்டு வையுங்கள் சார். அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்மாமன்